கியூப் எல்லாம் பாஸ்

ஜன்னல் ஓரம் வேணும்னா நீங்க உக்காந்துக்கங்க சார். நான் பாத்துப் பாத்து சலிச்ச ரோடு. பைய மேல வைக்காதீங்க, மழை வந்தா இந்த வண்டியில மேல ஒழுகும். கால்கிட்டயே இருக்கட்டும்.

அக்கரைக்குத்தானே? அப்ப கடைசி ஸ்டாப். நானும் அங்கதான். ரெண்டரை மணி நேரம் ஆகும். மேப்புல ஒன்பது கிலோமீட்டர்னுதான் காட்டியிருக்கும், புதுசா வர்றவங்க எல்லாரும் அதைப் பாத்துட்டுத்தான் ஏமாறுறாங்க. அது பாலம் இருந்தப்போ. இப்ப மேற்கால சுத்தி, மெயின் ரோடு புடிச்சு, உப்பளம் வழியா திரும்பி வரணும். அறுபது கிலோமீட்டர். தோணி இருக்கு, ஆனா வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல விடமாட்டாங்க.

மாட்டு டாக்டரா? நல்லது சார். பாலம் போனதுக்கப்புறம் இந்த ஒரு வருஷத்துல நீங்க மூணாவது டாக்டர். முன்னாடி வந்த ரெண்டு பேரும் மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. நான் குத்தம் சொல்லல. தினம் அஞ்சு மணி நேரம் பஸ்லயே உக்காந்திருந்தா யாருதான் இருப்பா?

பாலம் எப்படி விழுந்துச்சுன்னு கேக்கறீங்க. சரியான ஆள்கிட்டதான் கேக்கறீங்க. என் பேரு வைரக்கண்ணு. நெடுஞ்சாலை டிபார்ட்மெண்ட் குவாலிட்டி லேப்ல அசிஸ்டெண்ட். இப்ப சஸ்பென்ஷன்ல இருக்கேன். அந்தப் பாலத்துக்குக் கியூப் போட்டவன் நான்தான்.

கியூப்னா என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பாலத்துக்குக் கான்கிரீட் போடுறாங்கள்ல, அதே கலவையில கொஞ்சம் எடுத்து இரும்புப் பெட்டியில ஊத்தணும். இந்தா, இவ்வளவு பெருசு, ஒரு ரெண்டுபடி டின் மாதிரி, சதுரமா. காஞ்சதும் எடுத்து இருபத்தெட்டு நாள் தண்ணியில போட்டு வைக்கணும். அப்புறம் மெஷின்ல வச்சு அமுக்கினா எவ்வளவு பாரத்துல உடையுதுன்னு தெரிஞ்சுடும். கியூப் நல்லாருந்தா பாலம் நல்லாருக்குன்னு அர்த்தம். அதான் கணக்கு. உங்க வேலையில ரத்தம் எடுத்துப் பாக்கறீங்கள்ல, அந்த மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

என் கியூப் ஒண்ணுகூடக் குறைஞ்சதில்ல சார். எல்லாம் பாஸ். வேணும்னா ரிஜிஸ்டரைப் பாக்கலாம். இன்னிக்கு ஜட்ஜ் அய்யா கையில அந்த ரிஜிஸ்டர்தான் இருந்துச்சு. ஆமா, விசாரணைக்குத்தான் போயிட்டு வர்றேன். கலெக்டர் ஆபீஸ்ல பழைய கட்டடம், மாடியில நடக்குது. ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தர். நல்ல மனுஷன். எனக்குத் தண்ணி கொடுக்கச் சொன்னார்.

நான் முதல்லேர்ந்து சொல்றேன். பொழுது இருக்கே.

பதினாலு வருஷம் தினக்கூலியா இருந்தேன் சார் அந்த லேப்ல. பதினாலு வருஷம். என் கூடச் சேர்ந்தவன் ஒருத்தன் ஆபீசரோட சொந்தக்காரன், அவனுக்கு ரெண்டே வருஷத்துல நிரந்தரம் ஆயிருச்சு. எனக்கு ஃபைல் போவும், வரும். பாலம் வேலை ஆரம்பிச்சப்ப ஏ.இ. ரகோத்தமன் சார் என்னைக் கூப்பிட்டார். என்ஜினியர், ஆனா மரியாதையான மனுஷன், என்னை வாங்க போங்கன்னுதான் பேசுவார். "வைரக்கண்ணு, இந்தப் பாலம் முடியட்டும், உங்க ஃபைலை நானே கையில எடுத்துக்கிட்டுப் போறேன்" அப்படின்னார். கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. பதினாலு வருஷத்துல ஒரு ஆபீசர் அப்படிச் சொன்னதில்ல.

அக்கரை என் சம்சாரத்தோட ஊர் சார். அங்க ஏழு ஊரு. அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஆறு. பிரசவத்துக்கும் தோணி, பரிட்சைக்கும் தோணி. என் மாமனார் சாகக் கெடந்தப்ப தோணிக்காரன் சாப்பிடப் போயிருந்தான். அதனால பாலம் வருதுன்னதும் செண்பகம், அதான் என் சம்சாரம், லேப் வாசல்லயே வந்து நின்னு, நல்லா பாத்துச் செய்யுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. என்னமோ நானே பாலம் கட்டுற மாதிரி.

முதல் தூணுக்குக் கான்கிரீட் போடுற அன்னிக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு சைட்டுக்குப் போனேன். மணல் குமிச்சிருந்தாங்க. கையில அள்ளினேன். பிசுபிசுன்னு இருந்துச்சு. நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு. முகத்துவாரத்துல அள்ளின மணல் சார், கழுவக்கூட இல்ல. சிமெண்டு மூட்டை இறங்கின கையோட திரும்பி லாரி ஏறி வேற எங்கயோ போவுது. காண்டிராக்டரோட மேனேஜர் புஷ்பநாதன் அங்க நின்னார். நான் மணலைக் காட்டினேன். அவர் சிரிச்சாரு. ஒளிவுமறைவு இல்லாத ஆளு. "அண்ணே, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மேலேர்ந்து கீழே வரைக்கும் அவங்கவங்க பங்கு போயாச்சு. மிச்சம் இருக்கறதுலதான பாலம் கட்டணும்? நான் என்ன வீட்டுலேர்ந்தா கொண்டாந்து போட முடியும்" அப்படின்னாரு. அதுவும் நியாயம்தானேன்னு பட்டுச்சு எனக்கு.

அந்தக் கலவையில கியூப் போட்டா மெஷின்ல பொரிகடலை மாதிரி நொறுங்கிரும். நான் ஏ.இ. சார்கிட்ட சொன்னேன். மறைக்கல, சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், "கியூப் நல்லா வரணும் வைரக்கண்ணு. அது உங்க பொறுப்பு" அப்படின்னார். அவ்வளவுதான்.

என் பொறுப்புன்னா நான் அதைச் செய்யணுமா இல்லையா? லேப்புக்குப் பின்னாடி கொல்லையில வச்சு நானே கலந்தேன். நல்ல ஆத்துமணல், சலிச்சு, ரெண்டு தண்ணி கழுவி, காயப்போட்டு. ஜல்லியை ஒவ்வொண்ணாப் பாத்துப் பொறுக்கினேன். சிமெண்டு புது மூட்டை பிரிச்சு. தண்ணி அளந்து ஊத்தி, கம்பியால குத்திக் குத்தி, ஒரு காத்துக் குமிழி இல்லாம. நூத்திச் சில்லற கியூப் சார். ஒவ்வொண்ணும் கருங்கல்லு. மெஷின் திணறும். வெளியூர்லேர்ந்து செக்கிங் வந்த பெரிய ஆபீசரே கேட்டாரு, இவ்வளவு சுத்தமா யாருப்பா போடுறதுன்னு. என் பேரைச் சொன்னாங்க.

லஞ்சம் நான் வாங்கினதில்ல. ஒரு டீ கூட அவங்க காசுல குடிச்சதில்ல, யாரை வேணா கேட்டுப் பாருங்க. பாலம் திறந்த மூணாவது மாசம் என் ஆர்டர் வந்துச்சு. நிரந்தரம். ரகோத்தமன் சார் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினாரு. அது என் உழைப்புக்குக் கெடச்சது சார்.

பாலம் வந்ததும் அக்கரை எப்படி மாறிச்சு தெரியுமா! காலேஜுக்கு மினிபஸ் விட்டாங்க. முப்பது பொண்ணுங்க ஏறும். என் மச்சான் பொண்ணு இலக்கியாவும் அதுலதான் போச்சு, நர்சிங். பால் வேன் வந்துச்சு. எறால் கம்பெனி ஒண்ணு வந்து இடம் பாத்துக் கம்பி வேலியே போட்டுட்டாங்க. ஐஸ் பிளாண்ட், சுத்தம் பண்ற ஷெட்டு, முன்னூறு பொம்பளைங்களுக்கு வேலைன்னு போர்டு வச்சாங்க. செண்பகமும் பேரு கொடுத்திருந்துச்சு. ஒரு வருஷம் பதினோரு மாசம். அவ்வளவு நாள்தான் அது இருந்துச்சு.

போன ஐப்பசி, ஒரு புதன்கிழமை, காலையில ஒன்பதரை இருக்கும். நானும் செண்பகமும் பைக்ல அக்கரைக்குப் போறோம். எனக்கு அந்தப் பாலத்துல கொஞ்சம் வேகமாத்தான் போயி பழக்கம். அன்னிக்குப் பாலத்து முனையிலேயே பிரேக் போட்டுட்டேன். மூணாவது கண்ணுல, அதான் ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கற பாகத்துல, கைப்பிடிச் சுவரு ஒரு விரக்கடை இறங்கியிருந்துச்சு. ஒரே ஒரு விரக்கடை. பைக்கை ரோட்டுக்குக் குறுக்கால போட்டேன். பின்னாடி மினிபஸ் வருது, பொண்ணுங்களை ஏத்தின பஸ். காலேஜுக்கு லீவுன்னு திருப்பிக் கூட்டிக்கிட்டு வர்றான். டிரைவர் ஹாரன் அடிக்கிறான். நகருடாங்கறான். நான் நகரல சார். பஸ்ஸுக்கு முன்னாடி போய் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னுட்டேன். நான் நிக்கலைன்னா முப்பது பொண்ணுங்க. இதைப் பேப்பர்காரங்க யாரும் எழுதல.

அதுக்குள்ள எதிர்ப்பக்கத்துலேர்ந்து உப்பு லாரி ஏறிருச்சு. கைய ஆட்டினேன். கத்தினேன். காத்துல என்ன கேக்கும்? அந்த டிரைவர் என்னைப் பாத்துட்டாரு. ஆனா யாரோ லிஃப்ட் கேக்கறாங்கன்னு நெனச்சு மெதுவாத்தான் வந்தாரு. லாரிக்குப் பக்கத்துல சைக்கிள்ல ஒருத்தர், பால் கேனோட. மூணாவது கண்ணுக்கு வந்ததும் பாலம் அப்படியே உக்காந்துச்சு சார். சத்தம்கூடப் பெருசா இல்ல. தூசிதான். பால்காரரை மறுநாள்தான் எடுத்தாங்க. லாரி டிரைவருக்கு ஒரு கால் போயிருச்சு.

கொஞ்சம் மெதுவாப் பேசறேன் சார். முன்னாடி மூணாவது சீட்ல, கக்கத்துக் கட்டைய சன்னல்ல சாச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான். சவரிமுத்து. அவரும் இன்னிக்கு விசாரணைக்கு வந்தாரு. ஜாமீன்ல இருக்காரு. அளவுக்கு மேல உப்பு ஏத்திக்கிட்டு வந்து பாலத்தை உடைச்சுட்டாரு, அதுல ஒரு உசுரு போயிருச்சுன்னு கேஸு. லோடு கொஞ்சம் கூடத்தான். இந்தப் பக்கம் எந்த லாரியில கூட இல்லாம இருக்கு?

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் என்னைத்தான் கொண்டாடுவாங்கன்னு நெனச்சேன். பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போகச் சுத்தி வந்த இலக்கியாவோட அப்பா கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. செண்பகம் மட்டும் அடுப்படிக்குப் போயிருச்சு. மறுநாள் மத்தியானம் சோறு போட்டு வச்சுட்டு எதிர்ல உக்காந்துச்சு.

"அத்தனை பேரு அந்தப் பாலத்துல வந்தாங்க. யாருக்கும் தெரியல. ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

லேப்ல இருக்கறவனுக்குக் கண்ணு அப்படின்னேன்.

"இல்ல. திறந்த நாளேர்ந்து நீங்க அதை எதிர்பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க" அப்படின்னுச்சு. அப்புறம் எந்திரிச்சு போயிருச்சு. பொம்பளைங்க பேச்சு. ஆனா அதுலேர்ந்து என்கூடச் சரியாப் பேசறதில்ல. கேட்டா பதில். அவ்வளவுதான்.

எறால் கம்பெனிக்காரன் ரெண்டு மாசம் பாத்தான். அப்புறம் வேலிக் கம்பியைச் சுருட்டிக்கிட்டு வேற ஜில்லாவுக்குப் போயிட்டான். போர்டை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான். பால் வேன் நின்னுச்சு. காலேஜுக்குப் போன பொண்ணுங்கள்ல பாதி நின்னுருச்சு, இலக்கியாவும்தான். ஹாஸ்டலுக்கு வழியில்ல. இப்ப அதுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க. என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. ரகோத்தமன் சாருக்குப் புரமோஷன் ஆகி வேற ஊரு போயிட்டாரு. அதுதான் சார் எனக்கு ஆறல. எல்லா கியூபையும் பாஸ் பண்ணிக் கொடுத்தவன் நான், சஸ்பென்ஷன் எனக்கு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாமனார் வீட்டுலதான் இருக்கோம்.

முந்தாநாள் மத்தியானம் புஷ்பநாதன் வந்தாரு. கார்ல, இந்தச் சுத்து ரோட்டுலதான் வந்தாரு, முதுகு வலிக்குதுன்னாரு. என்னைப் பொய் சொல்லச் சொல்லவே இல்ல சார் அவரு. அதைக் கவனிங்க. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே. கேக்காததை நீங்களா இழுத்துப் போட்டுக்காதீங்க. சஸ்பென்ஷன் ஆர்டர் தன்னால போயிரும்" அப்படின்னாரு. போறப்ப செண்பகத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போனாரு.

கார் போனதும் செண்பகம் கதவுகிட்ட வந்து நின்னுச்சு. கொல்லையில வச்சு நான் கியூப் போட்ட விஷயம் அதுக்குத் தெரியும். எப்படின்னு கேக்காதீங்க, ஒரு நாள் நானே வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.

"சொல்லிடுங்க" அப்படின்னுச்சு.

சொன்னா என்னையும் சேத்து உள்ள வைப்பாங்கன்னேன்.

"வைக்கட்டும். சுத்து பஸ்ல வந்து பாத்துக்கறேன்."

நானும் சொல்லிடறதுன்னுதான் சார் போனேன். சத்தியமா. காலையில பஸ்ல வர்றப்ப ஒவ்வொரு வார்த்தையா அடுக்கி வச்சுக்கிட்டேன். எங்க ஆரம்பிக்கணும், மணல் நாக்குல உப்புக் கரிச்சதைச் சொல்லணுமா, ஏ.இ. ஃபேனைப் பாத்ததைச் சொல்லணுமான்னு. உள்ள போனா டிபார்ட்மெண்ட் வக்கீல், காண்டிராக்டர் வக்கீல், பின்னாடி பெஞ்சுல புஷ்பநாதன். ஓரத்துல சவரிமுத்து. அவருக்கு வக்கீல்னு ஒரு சின்னப் பொண்ணு, அது ஒரு தடவைகூட எந்திரிக்கல.

ஜட்ஜ் கேட்டாரு, இந்த ரிஜிஸ்டர்ல இருக்கறது உங்க கையெழுத்தான்னு. ஆமாங்கய்யா. கியூபெல்லாம் உங்க முன்னாடிதான் மெஷின்ல வச்சாங்களா. ஆமாங்கய்யா. எழுதியிருக்கற எண்ணெல்லாம் மெஷின் காட்டினதுதானா, ஏதாவது மாத்தினீங்களா. ஒரு எண்ணு மாத்தலைங்கய்யா. எல்லாம் பாஸா? எல்லாம் பாஸ்ங்கய்யா.

இதுல எது பொய், சொல்லுங்க? எல்லாம் உண்மை. எழுத்துக்கு எழுத்து உண்மை. இந்தக் கியூபை எங்க வச்சுப் போட்டீங்கன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்தக் கேள்வி வரும் வரும்னு அவரு வாயையே பாத்துக்கிட்டு நிக்கறேன். வேர்த்து ஊத்துது. அப்பதான் தண்ணி கொடுக்கச் சொன்னாரு. குடிச்சேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "வேற ஏதாவது சொல்லணுமா?" அப்படின்னாரு.

இது ஒரு கேள்வியா சார்? மளிகைக்கடைக்காரன்கூடத்தான் கேக்கறான், வேற ஏதாவது வேணுமான்னு. அதுக்குப் பொத்தாம்பொதுவா என்ன பதில் சொல்றது? நான் செண்பகத்தை நெனச்சேன். பதினாலு வருஷத்தையும் நெனச்சேன். இல்லைங்கய்யான்னுட்டேன். வாய்தான் சொல்லிச்சு. டைப் அடிக்கறவன் அதையும் அடிச்சுட்டான். கான்கிரீட் தரத்துல குறையில்லன்னு தெரிய வருதுன்னு டிபார்ட்மெண்ட் வக்கீல் எந்திரிச்சுச் சொன்னாரு. ஜட்ஜ் தலையாட்டினாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாராவது எழுத்துமூலமா ஏதாவது கொடுக்கணும்னா கொடுக்கலாம்னு சொல்லிட்டு எந்திரிச்சாரு. பத்து நிமிஷம்கூட ஆகல.

நீங்க படிச்சவரு, சொல்லுங்க. கேக்காததை ஒருத்தன் தானா சொல்லணுமா? மாட்டுக்கு என்னன்னு கேட்டு வர்றவன்கிட்ட நீங்க மாட்டைப் பத்தி மட்டும்தான சொல்லுவீங்க?

வெளியில பாக்கறீங்க. சரி.

உப்பளம் ஸ்டாப் வந்துருச்சு. அவரு இங்கதான் எறங்குவாரு. கட்டையைத் தேடுறாரு பாருங்க. இருங்க சார், ஒரு கை கொடுத்துட்டு வந்துடறேன். இந்தப் படி உசரம், அவரால தனியா முடியாது.

...

வந்துட்டேன். இல்ல, ஒண்ணுமில்ல சார். தண்ணி இருந்தா ஒரு வாய் கொடுங்க.

கையப் புடிச்சு எறக்கி விட்டேன். கீழ எறங்கி நின்னுட்டும் கையை விடல. "அண்ணே, அன்னிக்கு நீங்க கை காட்டினீங்க, நான்தான் நிக்காம வந்தேன்" அப்படின்னாரு. சரி விடுங்கன்னேன். "இல்லண்ணே. இத்தனை நாளா பாலம் மோசம், பாலம் மோசம்னு சொல்லிச் சொல்லித்தான் நான் தூங்குனேன். நீங்க விவரம் தெரிஞ்சவங்க, கான்கிரீட் எல்லாம் பாஸுன்னு ஜட்ஜுகிட்டயே சொல்லிட்டீங்க. அப்ப அந்தப் பால்காரரைக் கொன்னது நான்தான் போலிருக்கு" அப்படிங்கறாரு. கோவமா சொல்லல சார். கோவமா சொல்லியிருந்தா பரவாயில்ல. அந்த வீட்டுல போய் நாளைக்குக் கால்ல விழுந்துட்டு வந்துடறேங்கறாரு.

கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். நான் ஏறிட்டேன்.

சார், அந்தப் பைய கொஞ்சம் நகத்துங்க. நான் எறங்கறேன். வழியை விடுங்க.

எடுத்துட்டானே. வேகம் எடுத்துட்டானே. அந்தா, ரோட்டோரமா இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு.

இங்கேர்ந்து அடுத்த ஸ்டாப் எவ்வளவு தூரம் சார்? நீங்க புதுசு. உங்களுக்கு எப்படித் தெரியும்.